வாசலில் நின்று கூப்பிடும் சொல்

மலேசியாவிலுள்ள ஈப்போவுக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த நாலாம் வருடம், பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து டாக்டர் குடும்பத்துக்கு வேலைக்கு வந்தாள் பிலிப்பைன்ஸ்காரி ரோசா. முதல் நாள் எங்கள் கேட்டுக்கு வெளியே நின்று “தாவோ போ” என்று குரல் கொடுத்தாள். ஏதோ கேட்கிறாளாக்கும் என்று ஒரு தேங்காயைக் கொடுத்தேன். “சலாமாத்” என்று நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். மறுநாள் அந்தத் தேங்காயிலேயே இனிப்புக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு, மறுபடியும் வெளியே நின்று அதையே சொன்னாள்.

‘ஆள் வந்திருக்கிறேன்’ என்று அர்த்தமாம். நம் காதுக்கு விரட்டுவதுபோல் கேட்கும் ‘போ’ அவர்களுக்கு மரியாதைச் சொல். அடுத்தவர் வீட்டு வாசலில்தான் அப்படிக் கூப்பிடுவார்களாம். ரப்பர் தோட்ட லயத்தில் பிறந்த என் கணவருக்கு இது பொறுக்கவில்லை. “பக்கத்து வீட்டுப் பொண்ணு எதுக்கு வெளிய நிக்குது? நேரா உள்ள வரச் சொல்லு லா” என்றார். அதற்குப்பின் அவள் குரல் கொடுத்ததில்லை. நேரே அடுப்படிக்கு வந்துவிடுவாள்.

ஒரே மாதத்தில் நான் அவளுக்கு ‘ஆத்தே’, அதாவது அக்கா. அவர் ‘குயா’, அண்ணன். பார்த்ததும் “குமாயின் கா நா?” என்பாள். சாப்பிட்டாச்சா என்று கடல் தாண்டி வந்த என்னைத் தினமும் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

ஐந்து வயது மகளை ஊரில் தன் அக்காவிடம் விட்டிருந்தாள். கேசட்டில் குரல் பதிந்து அனுப்புவாள். வந்த பதில் கேசட்டில் குழந்தை பெரியம்மாவை ‘நானாய்’, அம்மா என்றது. “சோறு போடுறவதானே ஆத்தே” என்றாள் அரைகுறை மலாயில். எனக்கு அந்த மனசு வராது. ஒரே ஒரு தடவை தன்னையும் அப்படிக் கூப்பிட்டால் போதும் என்பதுதான் அவள் ஆசை.

மூன்று வருடம் கழித்து ஊருக்குப் போய்த் திரும்பினாள். “கூப்பிட்டாளா?” என்று கேட்டேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்ததாம். சொந்த வீட்டு வாசலில் நின்று, தன்னையறியாமல் “தாவோ போ” என்றாளாம். கதவைத் திறந்த மகள், பெரியவர்களுக்குச் செய்யும் முறைப்படி அவள் புறங்கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துவிட்டு, விருந்தாளிக்கு நாற்காலி எடுத்துப் போட்டாளாம். “எங்க அக்கா நல்லா வளர்த்திருக்கா” என்றாள் ரோசா. சொல்லும்போது அவள் முகத்தில் பெருமைதான் இருந்தது.

புறப்படும் நாளில், பஸ் கிளம்பும் நேரம் பார்த்து மகள் சோற்றுப் பொட்டலத்தோடு ஜன்னலோரம் ஓடிவந்தாளாம். “நானாய், குமாயின் கா நா?”

அந்தத் தைக்கு நான் மாயவரம் போனேன். நான் பிறந்த வீடு. இப்போது அண்ணன் குடும்பம் இருக்கிறது. கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டு, யாராவது ‘வாங்க’ என்று சொல்லட்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.