சீசரின் பெயரை நான் எழுதவில்லை

ஏழு குட்டிகளுக்குத் தகப்பன் எது என்று தெரிந்துகொண்டே, பதிவுப் படிவத்தில் வேறொரு நாயின் பெயரை எழுதிக் கையொப்பமிட்டவள் நான்.

தவறுதலாக எழுதிவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். பேனாவைக் கீழே வைத்தேன். யோசித்தேன். மறுபடி எடுத்து எழுதினேன்.

ஒரு நாயின் தகப்பன் எதுவாக இருந்தால்தான் என்ன என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம்... முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

நீர்வேலியில், எங்கள் வாழைத்தோட்டத்தின் ஓரமாகக் கூடுகள் கட்டி, பல ஆண்டுகளாக அல்சேஷன் நாய்கள் வளர்த்துவந்தேன். ஊரார் முதலில் என்னை 'நாய்க்காரி' என்றார்கள். பிறகு, கொழும்பில் சாதி நாய்களைப் பதிவுசெய்யும் கெனல் கிளப்பின் பதிவேட்டில் என் வளர்ப்பகத்தின் பெயர் ஏறியது. வவுனியாவிலிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வந்தார்கள். நாய்க்காரி என்றவர்களே விருந்தாளிகளை அழைத்துவந்து கூடுகளைக் காட்டினார்கள். எவ்வளவு பெருமை எனக்கு!

அந்தப் பதிவேடு வெறும் பெயர்ப் பட்டியல் அன்று. ஒரு குட்டியின் தாய் எது, தகப்பன் எது, அவற்றின் பெற்றோர் எவை என்று அது தலைமுறை தலைமுறையாகச் சொல்லும். எந்த நாயை எதனோடு சேர்க்கலாம், எதனோடு சேர்க்கவே கூடாது என்று வளர்ப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறோம். ஆனால் கொழும்பில் இருக்கும் எழுத்தர் என் கூட்டுக்குள் வந்து எட்டிப் பார்ப்பதில்லை. நான் எழுதி அனுப்புவதை நம்பித்தான் பதிகிறார். அந்த நம்பிக்கையைத்தான் நான் உடைத்தேன்.

என்னிடம் சீசர் என்றொரு ஆண் நாய் இருந்தது. கம்பீரமான நாய். அதன் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மிருக வைத்தியர் உதட்டைப் பிதுக்கினார்.

"பாக்க வடிவான நாய்தான் அக்கா. ஆனால் இடுப்பு மூட்டு சரியில்லை. இவனைக் கொண்டு குட்டி எடுத்துப்போடாதேங்கோ, குட்டியளுக்கும் வரும். கருத்தடை செய்துவிட்டால் நல்லது."

"ஓம்" என்றேன். ஆனால் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

ஜூலி என்ற என் பெண் நாய்க்குப் பருவம் வந்தபோது, கொழும்பில் ஒரு பொறியியலாளர் வெளிநாட்டிலிருந்து இறக்குவித்த ஆண் நாயைக் கொண்டுவர ஒழுங்கு செய்திருந்தேன். அந்த நாயின் பெயரைக் கேட்டதுமே ஏழு பேர் குட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டார்கள். அது வருவதற்கு இரண்டு நாள் முன்னதாக, மத்தியானம், சீசரின் கூட்டுக் கொண்டியை நான் சரியாக மாட்டவில்லை. தோட்டத்திலிருந்து திரும்பி வந்தபோது சீசரும் ஜூலியும் சேர்ந்து நின்றன. என் கணவரும் பார்த்தார்.

பொறியியலாளர் வந்தார். அவருடைய நாயும் ஜூலியோடு சேர்ந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. தேநீர் ஊற்றிக் கொடுத்தேன்!

பிறந்தவை ஏழு. அவற்றில் ஐந்தின் நெஞ்சில் சீசருக்கு இருப்பதுபோலவே வெள்ளைப் பொட்டு. கொழும்பு நாயோ முழுக் கறுப்பு; ஏழில் ஒன்றுகூடக் கறுப்பு இல்லை. இதற்குமேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

"உள்ளதை எழுது" என்றார் கணவர். "ரெண்டு நாயும் சேர்ந்தது எண்டால் இந்த ஈத்துக் குட்டியளுக்குப் பதிவு கிடையாமல் போகும். போகட்டுமன்."

"ஏழு பேரும் அந்த நாயின்ரை பேருக்காகத்தான் காத்துக்கொண்டு இருக்கினம். அவைக்கு என்னெண்டு முகம் குடுக்கிறது?"

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் எழுதினேன்.

குட்டிகளில் ஒன்றை வல்வெட்டித்துறைத் தவராசா அண்ணை வாங்கிப்போனார். சரக்குக் கப்பல்களில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்ந்தவர், தனியாள். குட்டிக்கு மீனா என்று பெயர் வைத்தார். வம்சாவளிப் பத்திரத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதாகச் சொல்லிச் சிரித்தார்.

மீனாவுக்குப் பத்து மாதமானபோது அவர் அதை ஓட்டோவில் கொண்டுவந்தார். இறங்கும்போது அதன் பின்கால்கள் இரண்டும் ஒன்றாக இழுபட்டன.

"தங்கச்சி, நான் கடற்கரை மணலிலை ஓடவிட்டனான். அதாலையோ? என்ரை வளர்ப்பிலைதான் ஏதும் பிழையோ?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"இருக்கலாம் அண்ணை. நிறையும் கூடிப்போச்சு. சாப்பாட்டைக் குறையுங்கோ" என்றேன்.

மீனாவின் நிறை கூடியிருக்கவில்லை. எனக்குச் சொல்ல ஏதோ ஒன்று தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு மீனாவால் எழுந்திருக்கவே முடியாமல் போயிற்று. வைத்தியர் ஊசி போட்டு அதன் வேதனையை முடித்துவைத்தார். சில வாரங்களின் பின் தவராசா அண்ணை மறுபடியும் என் வாசலில் வந்து நின்றார். கோபத்தோடு வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"அதே தாய் தேப்பன்ரை குட்டி இன்னொண்டு தருவீங்களே? இந்த முறை கவனமாய் வளர்ப்பன் தங்கச்சி."

கவனமாய் வளர்ப்பாராம்! அந்தச் சொல்லுக்குப் பிறகு என்னால் மறைக்க முடியவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: சீசர், எக்ஸ்ரே, கொண்டி, படிவம். கடைசியில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்ப சாப்பாடு?"

"அதுவும் பொய் அண்ணை" என்றேன்.

"நீங்கள் சொன்னதுக்காண்டி நான் அரைவாசிதான் வைச்சனான். அது வெறுங்கோப்பையை நக்கிப்போட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்கும். நல்லதுக்குத்தான் எண்டு நான் மற்றப் பக்கம் திரும்பிப்போடுவன்... கடைசி மட்டும் பசியோடை வைச்சிருந்திட்டன்."

அவர் என்னைத் திட்டவில்லை. வாசற் படலையைச் சாத்திவிட்டுப் போனார்.

மன்னிப்பைப் பற்றி யோசிக்க எனக்கு நேரமில்லை என்று அன்றே தீர்மானித்தேன். செய்யவேண்டியவை இருந்தன. கெனல் கிளப்புக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, சீசரின் எக்ஸ்ரேயையும் இணைத்து அனுப்பினேன். அந்த ஈத்தின் பதிவை நீக்கினார்கள். என் வளர்ப்பகத்தின் பெயரையும் எடுத்துவிட்டார்கள். சரியான வேலை! அப்படிச் செய்யாத பதிவேட்டை யார் நம்புவது? பொறியியலாளரிடம் சொன்னேன், அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். சீசருக்குக் கருத்தடை செய்வித்தேன். மற்ற ஆறு வீடுகளுக்கும் நேரில் போனேன். ஓரிடத்தில் நாயை அவிழ்த்துவிடுவோம் என்று துரத்தினார்கள். மறுவாரம் மறுபடி போனேன்.

பருத்தித்துறையில் ஆறாவது வீடு. அங்கே ரெக்ஸ் என்ற ஆண் குட்டி வளர்ந்து நின்றது. நெஞ்சில் வெள்ளைப் பொட்டு. நல்ல வம்சம் என்று பத்திரம் சொன்னதால் அதன் சொந்தக்காரர் அதை ஏற்கெனவே இரண்டு பெண் நாய்களோடு சேர்த்திருந்தார்.

"பத்திரத்தைப் பாத்துத்தானே அக்கா செய்தனான்?" என்றார்.

ஓம். பத்திரத்தைப் பார்த்துத்தான்.

ரெக்ஸின் குட்டிகள் பதினொன்று. எந்தெந்த வீடுகளில் இருக்கின்றன என்று கேட்டு எழுதிக்கொண்டேன். ஒவ்வொன்றாக எக்ஸ்ரேக்குக் கொண்டுபோகிறேன். நான்கு முடிந்தன, இரண்டு நன்றாக இருக்கின்றன, இரண்டு இல்லை. முடிவை அந்தந்த வீட்டில் நானே போய்ச் சொல்கிறேன். வேறு யாரையும் அனுப்புவதில்லை.

தவராசா அண்ணையைப் போன மாதம் பருத்தித்துறை மீன் சந்தையில் கண்டேன். அவரும் என்னைக் கண்டார். கையிலிருந்த மீன்பையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, கூட்டத்துக்குள் போய்விட்டார்.

இன்று காலை, ரெக்ஸின் குட்டிகள் உள்ள வீடுகளில் ஐந்தாவதிலிருந்து அழைப்பு வந்தது. அங்குள்ள குட்டி இரண்டு நாளாகப் படியேற மறுக்கிறதாம். பஸ்ஸுக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.