மஞ்சள் தலைக் குருவிகளும் பரிமளம் ரீச்சரும்

பரிமளம் மட்டக்களப்பில் பதினொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவள். 1986இல் கனடாவில், ரொறன்ரோவில் ஒரு மியூசியத்தில் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாதாம். சொன்னவனுக்கு மண்புழுவுக்கு எத்தனை இதயம் என்று தெரியுமா என்று தான் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் கட்டிடத்து லிஃப்ரில் ஏறும்போதெல்லாம் கறுவிக்கொள்வாள்.

கூட வேலை செய்த குணவதி யாழ்ப்பாணத்துக்காரி. பரிமளத்தைவிட ஒரு சாண் உயரம். இங்கிலிஷ் மருந்துக்கும் தெரியாது. நல்ல மனுசிதான், ஆனால் "மட்டக்களப்பென்ன, யாழ்ப்பாணமென்ன, எல்லாம் ஒண்டுதானே" என்று அவள் சொல்லும்போது பரிமளத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் பறவைப் பகுதியில் புதுக் கண்ணாடிப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் அழிந்துவரும் இரண்டு பாட்டுக் குருவிகள். ஒன்று லேசான் தீவினது, மற்றது நிஹோவா தீவினது. இரண்டுக்கும் மஞ்சள் தலை, நெருங்கிய சொந்தம். லேசான் குருவி பெரிது, அலகும் தடிப்பு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். ஆனால் பெரிய குருவியின் காலடியில் நிஹோவா என்று பெயர்ச்சீட்டு கிடந்தது.

மட்டக்களப்பில் அவளுடைய பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அளவுகோல் காணாது. பிள்ளைகளுக்கு நூலால் அளந்து முடிச்சுப் போடத்தான் பழக்கியிருந்தாள். பெட்டி இன்னும் பூட்டவில்லை. தையல் நூலை எடுத்து இரண்டு அலகையும் அளந்து முடிச்சுப் போட்டாள். அப்போது பறவைப் பகுதிப் பொறுப்பாளர் வந்துவிட்டார். துடைக்க வந்தவள் துடைத்துவிட்டுப் போகவேண்டும் என்று முகத்துக்கு நேரே கத்தினார். சீட்டு மாறிவிட்டது என்று அவள் சொன்னதற்கு, படித்தவர்கள் பார்த்து வைத்தது என்றார். குருவிகளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

வேலை போனாலும் போகட்டும் என்று, அன்றைக்கே அளவுகளை ஒரு தாளில் எழுதித் தன் பெயரும் போட்டு, நூலோடு சேர்த்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை சீட்டுகள் இடம் மாறியிருந்தன. பொறுப்பாளர் அந்தத் தாளோடு வந்தார். நேரே போய்க் குணவதியின் கையைக் குலுக்கினார். அடுத்த கிழமை முதல் பறவை அறையில் உதவியாளர் வேலை அவளுக்குத்தானாம். குணவதி சிரித்துக்கொண்டு "யெஸ், யெஸ்" என்றாள்.

வாளியோடு பக்கத்தில் நின்ற பரிமளத்துக்கு உச்சி கொதித்தது. போன கிழமை இந்த முகத்தைப் பார்த்துத்தானே கத்தினான்! வாளியைத் தொப்பென்று வைத்தாள். வகுப்பறைக் குரலில், இங்கிலிஷில் சொன்னாள்: "அன்றைக்குக் குருவிகளை மாற்றி வைத்தீர்கள். இன்றைக்கு எங்களை. எழுதியது நான். இரண்டு பேரில் சின்னது நான்."

பொறுப்பாளரின் காது சிவந்தது. மன்னிப்புக் கேட்டார், வேலை அவளுக்குத்தான் என்றார், இரண்டு பேரும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்துவிட்டீர்கள் என்றும் முணுமுணுத்தார்.

"என்னவாம்?" என்று கேட்டாள் குணவதி.

"நாம ரெண்டு பேரும் ஒண்டுதானாம்கா."

குணவதியின் சிரிப்பு நின்றது. "ஒண்டோ? நான் யாழ்ப்பாணமெண்டு உவனுக்குச் சொல்லு."