பின் சீட்டில் மாமா

என் பேத்தி வெளிநாட்டில் படிக்கிறாள். லீவு விட்டால் போதும், ராத்திரி பஸ் பிடித்து நாடு நாடாகச் சுற்றக் கிளம்பிவிடுவாள். ஒரு நாட்டில் ஏறித் தூங்கினால் விடியும்போது அடுத்த நாடு வந்துவிடுமாம். ரயிலைவிட சார்ஜ் குறைச்சல், ராத்திரி ரூம் வாடகையும் மிச்சம் என்கிறாள். போன வாரம் பஸ்ஸில் இருந்தே போனில் முகத்தைக் காட்டிப் பேசினாள். பின்னால் சன்னல் கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது.

"தனியாவா போறே?" என்றேன்.

"தனியாத்தான் அம்மாச்சி. நீங்க எப்பயாச்சும் தனியா பஸ்ல போயிருக்கீங்களா?"

போயிருக்கிறேன் என்று வாய் வரை வந்தது. ஆனால் போகும்போது நான் தனியாகப் போகிறேன் என்பது எனக்குத் தெரியாது. அதை எப்படிப் போனில் விளக்குவது? "பத்திரமா போ ஆத்தா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எனக்கு எப்போதுமே பேச்சு வராது. எழுதினால் கொஞ்சம் வரும்.

எங்கள் ஊர் நயினார்கோவிலுக்குப் பக்கத்தில். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முழுப்பரீட்சை எழுதி முடித்திருந்தேன். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, பெங்களூரில் வாழ்க்கைப்பட்டிருந்தார். அவருக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. மூத்தது இன்னும் ஒழுங்காக நடக்கவில்லை. பிள்ளை தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று தகவல் வந்தது. எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகள் அதிகம். யாரை அனுப்பலாம் என்று பேசினார்கள், என்னை என்று முடிவானது. வாயில்லாத பிள்ளை, போன இடத்தில் வம்பு வராது என்று அய்யா சொன்னார். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டில் என்னோடு பேசிய ஒரே ஆள் மாமா, அம்மாவின் தம்பி. அவரோடு எனக்கு ஒத்துப்போனதற்குக் காரணம், அவருக்கு என் பதில் தேவையே இல்லை. அவரே கேட்பார், என்னைப் போலக் குரலை மெலிதாக்கி அவரே பதிலும் சொல்லிக்கொள்வார்.

"மருமகளே, சாப்டியா? சாப்டேன் மாமா. என்ன சாப்டே? பழைய சோறு மாமா. தொட்டுக்க? வெரலு மாமா!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன்.

பெங்களூர் என்றதும் நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மாமாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நானே கூட்டிட்டுப் போயி விடுறேன். நானும் அங்கன லீவு முடியிற வரைக்கும் இருக்கேன். பள்ளிக்கூடம் தெறக்கையில நானே கூட்டியாறேன். போதுமா மருமகளே? போதும் மாமா." அதற்குப் பிறகுதான் சோறு இறங்கியது.

பரமக்குடி வந்து அங்கிருந்து மதுரைக்குப் போனோம். பெங்களூர் பஸ் சாயங்காலம் கிளம்புவது. மாமா என்னை முன்பக்கம் கூட்டிப்போய்ச் சன்னலோரம் உட்காரவைத்தார். சீட்டுக்கு மேலே 'பெண்கள்' என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி நானே படித்தேன். பக்கத்தில் ஒரு கனத்த அம்மா, மடியில் பூக்கூடையோடு இருந்தார். சின்னம்மாவுக்குக் கொடுத்துவிட்ட குண்டு மிளகாய் வற்றல் பையை மாமா என் காலடியில் தள்ளினார்.

"இது பொம்பளைக சீட்டு. நான் பின்னாடி ஆம்பளைக சீட்டுல இருக்கேன். பொம்பளப்பிள்ளை பின்னாடி திரும்பித் திரும்பிப் பாக்கக் கூடாது. பாப்பியா? பாக்க மாட்டேன் மாமா."

அவ்வளவுதான். பஸ்ஸுக்குள்ளேயே பின்பக்கமாக நடந்து போனார். அவர் செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. வேறு பிள்ளையாக இருந்தால் எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்கும்! என் கூச்சத்தை நம்பித்தான் மாமா அந்த வேலையைச் செய்தார். கூச்சமும் அவரை ஏமாற்றவில்லை.

பஸ் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரம் ஒரு பஸ் போகும் என்று நான் நினைத்ததில்லை. திரும்பி வரும் வழியை மனதில் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். மரம் மரமாகப் பின்னால் ஓடியது, ஒன்றும் நிற்கவில்லை. பரவாயில்லை, வழி மாமாவுக்குத் தெரியும் என்று நினைத்தேன். மாமா பின்னால் இருக்கிறவரை எனக்கு ஊர் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, அம்மா இருந்தார்.

ரோடு மோசமான இடத்தில் பஸ் தூக்கித் தூக்கிப் போட்டதில் மிளகாய்ப் பை பிய்ந்துவிட்டது. முதலில் பூக்கூடை அம்மா தும்மினார். அப்புறம் பின்சீட்டு ஆட்கள், அப்புறம் டிரைவர்.

"ஏய்யா கண்டக்டரு, பஸ்ஸை ஓட்டுறீகளா தாளிக்கிறீகளா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள். "யாரு மூட்டை அது? எடுத்து வெளிய எறிங்கய்யா!"

நான் மாமாவின் குரலுக்காகக் காத்திருந்தேன். இப்படி ஒரு பேச்சுக்குப் பதில் பேச்சுப் பேசாமல் அவர் விடமாட்டார். பின்னால் தும்மல் மட்டும்தான் கேட்டது. என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், வரவில்லை.

"என் மூட்டைதான், என்னாங்குறே?" என்றார் பக்கத்து அம்மா. "மக வீட்டுக்குக் கொண்டு போறேன். ரெண்டு தும்மு தும்முனா மூக்கு சுத்தமாகும், தும்முய்யா!"

மறுபடி சிரிப்பு. அந்த அம்மா கூடையில் இருந்த ஒரு துணியை எடுத்துப் பையைச் சுற்றிக் கட்டினார். கட்டும்போது கண்டக்டரை ஒரு பார்வை பார்த்தார். கண்டக்டர் குனிந்து டிக்கெட் பையைத் துழாவினார்.

அப்போதுதான், என் வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாக வாயைத் திறந்தேன். "பின்னாடி எங்க மாமா இருக்காரா?"

அவர் உடம்பு முழுவதையும் திருப்பி நன்றாகப் பார்த்தார். "இருக்காரு தாயி. மீசை வச்சவருதானே? வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குறாரு. கொசு பூந்துரப் போகுது."

மாமா வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவார். எனக்கு உயிர் வந்தது. மீசை இல்லாத மாமா எங்கள் சீமையில் யார், வாயை மூடிக்கொண்டு பஸ்ஸில் தூங்குகிறவர் யார் என்றெல்லாம் யோசிக்கிற வயசில்லை.

டீக்கடையில் நிறுத்தியபோது கண்டக்டர் சன்னல் வழியாக ஒரு பன் நீட்டினார். "ஒங்க மாமா குடுக்கச் சொன்னாரு." மாமா ஏன் தானே வரவில்லை என்று நினைத்தேன். பெண்கள் சீட்டுப் பக்கம் வரக்கூடாது போலும். பாதியைத் தின்றுவிட்டு, அவர் பசியோடு இருப்பாரே என்று பாதியைக் கையில் வைத்துக்கொண்டேன்.

விழித்தபோது விடிந்திருந்தது. குளிராக இருந்தது. எங்கள் ஊரில் மார்கழியில்கூட அப்படிக் குளிராது. கடைகளின் போர்டைப் படிக்கப் பார்த்தேன், ஒரு எழுத்தும் புரியவில்லை. எல்லாம் வட்டம் வட்டமாகச் சுருண்டு கிடந்தன. ஒரு ராத்திரித் தூக்கத்தில் எனக்குப் படிப்பு மறந்துவிட்டது என்று பயந்துபோனேன். பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சருக்கு என்ன சொல்வேன்?

"இது எந்த நாடு?" என்று கேட்டேன்.

"நாடா? நம்ம நாடுதான் தாயி. பாஷைதான் வேற. கன்னட எழுத்து."

எழுத்து மாறினால் நாடு எப்படி நம்முடையதாக இருக்கும் என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பஸ் நின்றது. இறங்கிப் பின்வாசல் பக்கம் போய் நின்றேன். இனிமேல் பார்க்கலாம், பயணம்தான் முடிந்துவிட்டதே. ஆண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். மீசை வைத்த எல்லோரையும் பார்த்தேன். கடைசி ஆளும் இறங்கி, கண்டக்டர் உள்ளே போய்ச் சன்னல்களைப் பார்த்துவிட்டு வந்தார். நான் இன்னும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூக்கூடை அம்மா என் கையைப் பிடித்தார். "மாமா வரல தாயி. மதுரையிலயே எறங்கிட்டாரு. எங்கிட்டயும் கண்டக்டருகிட்டயும் சொல்லித்தான் விட்டாரு." அந்த அம்மாவைக் கூட்டிப்போக வந்த மருமகன் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். "இருங்க மாப்பிள்ளை, பச்சப்பிள்ளைய அந்தரத்துல விட்டுட்டு வரச் சொல்றீகளா?" என்று அதட்டிவிட்டு, சின்னம்மா வரும்வரை என் கூடவே நின்றார். நான் கையை உருவிக்கொண்டு தள்ளி நின்றேன். பன் கைக்குள் நசுங்கிப் போயிருந்தது.

சின்னம்மா வேகமாக வந்தார். "வளந்துட்டியேடி" என்றார். சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் இடுப்புப் பிள்ளையை என் இடுப்புக்கு மாற்றிவிட்டார். அது என் முகத்தைப் பார்த்து வீறிட்டது. அழ வேண்டியவள் நான், அது முந்திக்கொண்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் சின்னம்மாவே சொன்னார். "அவன் வந்துட்டுப் போறதுன்னா ரெண்டு முழு டிக்கெட்டு. ஒன் அரை டிக்கெட்டுக்கே அவன் பட்ட பாடு! எல்லாம் நான் சொல்லித்தான்."

பள்ளிக்கூடம் திறந்தது. நான் இல்லாமலே திறந்தது. அந்தப் பிள்ளை நடக்கப் பழகுவதற்குள் அடுத்தது வந்தது. மூன்று வருஷம் கழித்துத்தான் ஊருக்குப் போனேன். மாமாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. "நல்லாருக்கியா மருமகளே?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பேசாமல் நின்றார். என் குரலில் அவர் பதில் சொல்வார் என்று நான் நின்றேன். அவர் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய்விட்டார்.

யாரிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. மதுரையில் பஸ் வளைந்து வெளியேறியபோது நான் சன்னல் வழியாகப் பார்த்தேன். பக்கவாட்டில் பார்ப்பது திரும்பிப் பார்ப்பது ஆகாது என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்திருந்தேன். பழவண்டிக்குப் பின்னால் பாதி மறைந்தபடி ஒரு ஆள் நின்றார். மாமாவின் சட்டை போலவே கட்டம் போட்ட சட்டை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எங்கள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. மாமாதான் பின்னால் இருக்கிறாரே, இது வேறு யாரோ என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பாவம், யாரையோ ஏற்றிவிட்டு இப்படி அழுகிறார், இந்த பஸ்ஸில் போகிற அந்த ஆள் எவ்வளவு கல்நெஞ்சாக இருந்தால் ஒரு தடவை கை காட்டாமல் போவார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.