பிரஸ்ஸுக்குப் பின்னால் கடைசி ரேக்

ஓசூரில் நான் வேலை பார்க்கும் உதிரிபாகக் கம்பெனியில் வைஃபை என் பொறுப்பு. ஒரு திங்கட்கிழமை, மேனேஜர் டைப் செய்து வைத்திருந்த மெமோவைக் காட்டினார். தளியிலிருந்து பஸ்ஸில் வரும் அக்காவுக்கு. கடைசி ரேக்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்பவர். மெதுவாகச் செய்கிறாராம். ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவர். மூன்றாவது என்றால் வேலை போய்விடும்.

“ஸ்கேனர்தான் சார் மெதுவா போவுது. அவங்க இல்ல.”

“எல்லாருக்கும் ஒரே ஸ்கேனர், ஒரே வைஃபை. வைஃபை வந்த டப்பா மேல என்ன ஸ்பீடு போட்டிருக்கான், பாத்தியா?”

பார்த்திருந்தேன். டப்பா கடைசி ரேக்கில் நின்று வேலை செய்வதில்லை.

எனக்கே இது புரிய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. அலையில் தகவலை ஏற்றும் முறைக்கு மாடுலேஷன் என்று பெயர். சிக்னல் தெளிவாக இருந்தால் அலையின் ஒவ்வொரு அசைவிலும் பத்து பிட் ஏறும். சிக்னல் தேயத் தேய எட்டு, ஆறு, நான்கு, இரண்டு. கடைசியில் ஒன்றே ஒன்று: ஆம், அல்லது இல்லை. வைஃபை உடனே அறுந்துபோவதில்லை. பேச்சைக் குறைத்துக்கொள்கிறது, மனக்கசப்பில் இருக்கும் வீட்டைப் போல என்று அவரிடமும் சொன்னேன்.

“கவிதை எழுதறத வீட்ல வெச்சிக்க” என்றார் மேனேஜர். அவரைக் கடைசி ரேக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

வைஃபை பெட்டிக்குக் கீழே நின்றபோது உற்பத்தி, ஒழுங்கு, தளியின் குளிர் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் பேசினார். தகடு அழுத்தும் பிரஸ் மெஷின்களை நெருங்கியதும் பாதி வாக்கியம். கடைசி ரேக்கில் இரண்டு சொல்.

“ஏன் லேட்டு?”

அக்காவுக்குக் கேட்கவில்லை. “ஏனு சார்?” என்றார் கன்னடத்தில்.

“லேட்டு.”

அக்கா காதைத் தொட்டுக் காட்டினார். மேனேஜர் ஸ்கேனரைச் சுட்டிப் புருவத்தை உயர்த்தினார். அக்கா தலையாட்டினார். ஆம்.

பிரஸ்ஸின் சத்தம் மறித்தது எங்கள் காதைத்தான். அலையை மறித்தது அதன் இரும்பு. அதை அங்கே சொல்ல வழியில்லை. ஸ்கேனரை மேனேஜர் கையில் கொடுத்தேன். ஒரு பெட்டியை ஸ்கேன் செய்தார். திரையில் வட்டம் சுற்றியது. காத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் சுற்றியது.

மாலையில் அக்காவின் மெமோ ரத்தானது. எனக்கு ஒன்று வந்தது: கடைசி ரேக்குக்கு இன்னொரு வைஃபை பெட்டி ஏன் இதுவரை வைக்கவில்லை?

பஸ்ஸுக்குக் கிளம்பிய அக்கா அதை வாங்கி நிதானமாகப் படித்தார்.

“மொத மெமோவா சார்? மடிக்காம ஃபைல்ல வெச்சிக்கோங்க. ரெண்டு வரைக்கும் ஒண்ணும் ஆவாது.”