ஜாதகத்தோடு வந்த வாலட்

அக்கா மகளுக்குப் பார்த்த பையனின் ஜாதகத்தோடு ஒரு நீளமான எழுத்துச் சரமும் வாட்ஸப்பில் வந்திருந்தது. எழுத்தும் எண்ணும் கலந்து, கைக்குழந்தையிடம் போன் கிடைத்தால் வருமே, அதைப் போல. என் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், அதுவும் ஜாதகத்தில் ஒரு கட்டம் என்று நினைத்து ஜோசியரிடம் காட்டியிருக்கிறார். "இது நம்ம கணக்குல வராது, எனக்குத் தெரியாது" என்று ஜோசியர் கையை விரித்துவிட்டார். இந்த விவகாரத்தில் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொன்ன முதல் ஆண் அவர்தான்.

அது பையனின் கிரிப்டோ வாலட் முகவரி, அதாவது இணையக் காசு வைத்திருக்கும் பையின் விலாசம். ஆவடியிலிருந்து பையனின் அப்பா போனில் விளக்கினார்: "பொண்ணு வேலையெல்லாம் வுட்ரட்டும் சம்பந்தி. பையன் வாலட்ல கீறதே போதும். நம்பலைன்னா நீங்களே தட்டிப் பாத்துக்கோங்க. யார் வேணா பாக்கலாம், அல்லாம் ஓப்பனா கீது."

அக்கா மகளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஐடி வேலை. பட்டாபிராமிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே திரும்புகிற வேலைதான். ஆனால் அவளாகத் தேடிப் பிடித்தது. அப்போதுதான் டீம் லீடாகவும் ஆகியிருந்தாள். வாலட் உண்மையென்றால் வேலையை விட்டுவிட வேண்டியது என்று அத்தான் தீர்ப்பு எழுதிவிட்டார். உண்மையா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வீட்டில் புத்தகம் அடுக்கி வைத்திருப்பவனுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும் என்பது எங்கள் குடும்பத்தின் மூடநம்பிக்கைகளில் ஒன்று. நான் அதை மறுத்ததில்லை. மறுத்துவிட்டால் அப்புறம் என்னை எதற்குத்தான் மதிப்பார்கள்?

தேடியதில் ஒரு ஏஐ ஏஜென்ட் அகப்பட்டது. வாலட் முகவரியைக் கொடுத்தால் சமீபத்தில் என்ன வந்தது, என்ன போனது என்று பார்த்துத் தமிழிலேயே சொல்லுமாம். ஒரு வருடச் சந்தா கட்டினேன். பக்கத்திலேயே மாதச் சந்தாவும் இருந்ததாம். படித்தவன் கண்ணுக்கு அதெல்லாம் படாது.

முகவரியை ஒட்டியதும் "அருமையான கேள்வி!" என்றது. நான் எதையுமே கேட்டிருக்கவில்லை. பிறகு, இந்த வாலட் மிகுந்த சுறுசுறுப்புடன் இயங்குகிறது, பெரிய தொகைகள் இடைவிடாது வந்து செல்கின்றன, உரிமையாளர் அனுபவம் மிக்கவராகத் தோன்றுகிறார் என்று வழிந்தது. கல்யாணத் தரகர்கூடச் சொல்லக் கூசுகிற வாக்கியங்கள். நான் கூசவில்லை. முன்னால் 'நான் ஆராய்ந்த வரையில்' என்று சேர்த்து அத்தானுக்கு அப்படியே அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள். பேசும் பொறுப்பை அப்பாவிடம் விட்டுவிட்டு, பையன் தன் போனை டிவி பக்கத்தில் சார்ஜில் போட்டான். இரண்டு கையாலும் தட்டை ஏந்திக்கொண்டு பஜ்ஜியில் ஆழ்ந்தான். வாலட்டில் பணம் நகரும்போதெல்லாம் ஏஜென்ட் எனக்குச் சேதி அனுப்பும். என் சட்டைப்பை உறுமிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு உறுமலுக்கும் அத்தான் முகத்தில் பல்பு எரிந்தது.

அக்கா மகள் வந்து உட்கார்ந்ததும் என்னைத்தான் கேட்டாள். "மாமா, அது எதுக்கு அடிச்சிட்டே இருக்கு?"

"மாப்பிள்ளை வாலட்ல பணம் போனாலும் வந்தாலும் சொல்லும்மா" என்றேன் பெருமையாக.

"இப்ப என்ன சொல்லுது?"

"இப்பதான் போயிருக்கு. பெரிய தொகை."

"யாரு அனுப்பினாங்க?"

எல்லோரும் பையனைப் பார்த்தோம். அவன் வாயில் வாழைக்காய் பஜ்ஜி. போன் இன்னும் சார்ஜில்.

"அது தானா ஓடும்மா" என்றார் அவன் அப்பா. "இவன் செட்டிங் போட்டு வுட்டுகீறான்."

"அப்ப ரொம்ப நல்லது அங்கிள். அதுலேருந்து எனக்கு ஒரு டீ காசு அளவு அனுப்பச் சொல்லுங்க. மாமா போன்ல வருதான்னு பாத்துடலாம். பக்கத்து ஃப்ளாட் கதவு நம்பரைச் சொல்லி என் வீடுன்னு நானும்தான் சொல்லலாம். சாவி வேணும்ல?"

பையன் மென்று விழுங்கிவிட்டு முதல்முறையாக வாயைத் திறந்தான். "இப்ப சர்வர் டவுன்."

என் சட்டைப்பை உறுமியது. சர்வருக்கு ஒரு குறையும் இல்லை.

"அண்ணாத்தே, அத்த கொஞ்சம் ஆஃப் பண்ணுங்களேன்" என்று அவன் அப்பா என்மேல் பாய்ந்தார்.

"ஆஃப் பண்ணத் தெரியாதுங்க" என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன இரண்டாவது ஆண் நான். அதுவும் வேறு வழியில்லாமல்.

அவர்கள் காபிக்குக்கூட நிற்காமல் கிளம்பிய பிறகு, அந்த வாலட் அந்தப் பையனுடையதுதானா என்று ஏஜென்டைக் கேட்டேன். உரிமையாளர் யார் என்பதைத் தன்னால் உறுதிப்படுத்த இயலாது என்றது. முன்பே ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்கள் கேட்கவில்லை" என்றது. இப்படிப்பட்ட சொந்தக்காரர்கள் எனக்கு ஏற்கெனவே இரண்டு பேர் உண்டு. அவர்களுக்குச் சந்தா கிடையாது.

மறுநாள் காலை அத்தான் வீட்டில் இருந்தேன். அக்கா மகள் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ரயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அத்தான் என் காதோரம் குனிந்தார்.

"மச்சான், அப்ப அது நெசமா யாரோட வாலட்டுன்னு கொஞ்சம் கண்டுபிடியேன். அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சாமா?"

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள்: "கேளுங்க மாமா. அவரும் என்னை வேலையை விடச் சொல்வாரான்னு சேத்தே கேட்டுடுங்க."

சந்தா கட்டியவன் அல்லவா, அதையும் தட்டினேன்.

"அருமையான கேள்வி!" என்றது. அந்த வார்த்தையை நானும் ஒத்துக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.