எல்லாரும் ஒரே பந்தியில்

பாளையங்கோட்டையில் ஒரு தேர்வு மையத்தில் கம்ப்யூட்டர்களைப் பராமரிக்கும் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைகளில் இருந்தவை வெறும் திரைகள். அத்தனை கம்ப்யூட்டரும் சர்வர் என்ற ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் மெய்நிகராக ஓடின. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தேவைப்படாது என்ற கணக்கில், அதில் இருக்கிற மெமரியைவிட அதிகமாகப் பங்கு பிரித்திருந்தோம்.

"சர்வர் தாங்காது அண்ணாச்சி" என்றேன் முதலாளியிடம். அவர் முன்பு கல்யாணச் சமையல் எடுத்தவர்.

"எல்லாரும் ஒரே பந்தியிலயா உக்காரப் போறாவ? விடும்வே."

தேர்வன்று எல்லாரும் ஒரே நேரத்தில்தான் உட்கார்ந்தார்கள். மெமரி தீர்ந்து சர்வர் திணறியது. திரைகள் உறைந்தன, தேர்வு நேரம் மட்டும் நிற்கவில்லை.

ராதாபுரத்திலிருந்து வந்திருந்த ஒரு பெண் அழுதுகொண்டே கேட்டாள்: "அண்ணே, நான் எதையாவது தப்பா அமுக்கிட்டனா?"

"உன் தப்பு இல்லம்மா" என்றேன். அவள் நம்பவில்லை.

வீட்டிலும், "நாந்தான் கெடுத்துட்டேன்" என்றுதான் சொல்லியிருப்பாள். அதுதான் என்னை இன்னும் தூங்க விடவில்லை.