நிலாவைத் தாண்டும் கதவுக்கு ஈப்போ ரப்பர்

ரப்பர் தொழிலில் இருப்பவனுக்கு மூக்கு வெறும் அலங்காரம்தான்; பிரஸ் முன்னால் நின்று வெந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

யாரை வெளியே நிறுத்த?

எண்பதுகளின் தொடக்கம். ஈப்போவில் கார் கதவு ரப்பரும் குழாய் வாஷரும் செய்யும் தொழிற்சாலையில், ரப்பரைச் சூட்டில் அழுத்தி வார்க்கும் பிரஸ் பிரிவு என் பொறுப்பு. ஒரு நாள் எங்கள் தவுக்கே, அதாவது சீன முதலாளி, வெளிநாட்டுக் கடிதத்தோடு வந்தார். நிலாவையும் தாண்டி மனிதர்களை அனுப்ப ஒரு கலம் உருவாக்குகிறார்களாம். முதலில் தரையிலேயே ஒரு மாதிரி அறை கட்டி, அதில் நான்கு பேரை மாதக்கணக்கில் பூட்டிவைத்துப் பார்ப்பார்களாம். அந்தக் கதவுக்கு ரப்பர் வளையம் எங்களுடையது.

மழைத்தண்ணீர் உள்ளே வராமல் தடுத்தே பழகியவர்கள் நாங்கள். இங்கே உள்ளிருக்கும் காற்று வெளியே போகக் கூடாது என்று விளக்கினேன். வளையத்தின் ஓரம் சீவும் லெட்சுமி அக்கா, கடிதத்தோடு வந்த வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “வெளியில ஒன்னுமே இல்லன்னா, அவுங்க எங்கதான் போறாங்க தம்பி?”

ஐந்து மூக்கு

வளையம் காற்றைக் கச்சிதமாகப் பிடித்தது. அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. ஆனால் இன்னொரு நிபந்தனை இருந்தது: ரப்பரில் வாசனை கூடாது. விண்வெளியில் சன்னலைத் திறந்துவிட முடியாதே. ஐந்து பேர் முகர்ந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஐவரையும் நான்தான் பொறுக்கினேன். நான் சுங்காய் ரப்பர்த் தோட்டம், அக்கா பீடோர்த் தோட்டம், மற்ற மூவரும் அப்படியே. ரப்பர் காயும் புகைவீட்டுக்குப் பக்கத்து லயத்து வீட்டில் பிறந்து, ஒட்டுப்பால் நாற்றத்தோடு சோறு தின்று வளர்ந்தவர்கள். ஒருவர் மாற்றி ஒருவர் முகர்ந்தோம். வாசனை துளியும் இல்லை என்று பெருமையாக எழுதி அனுப்பினோம். பார்சல் அப்படியே திரும்பி வந்தது. அதைப் பிரித்த அறையில் இரண்டு நாள் யாரும் உட்கார முடியவில்லையாம். கடிதத்தின் கடைசி வரி: “முகர்ந்து பார்த்த ஐவரும் நலமாக இருக்கிறார்களா?”

பிரியாணிக் கடை மூக்கு

இன்னொரு தடவை திரும்பி வந்தால் பிரஸ் பிரிவையே மூடிவிடுவதாகத் தவுக்கே சொல்லிவிட்டார். என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். என் கையெழுத்தால் வந்த வினை. வெட்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் கோளாறு ரப்பரில் பாதி, எங்கள் மூக்கில் பாதி என்பது புரிந்துவிட்டது. புரிந்தால் சரி செய்துவிடலாம்.

தொழிற்சாலைக்கு எதிரே காதர் அண்ணன் பிரியாணிக் கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பக்கமே போகாதவர். ஆட்டுக்கறி காலையில் வெட்டியதா, நேற்றையதா என்று வாசலில் நின்றே சொல்லுவார். ரப்பரில் சேர்க்கும் கந்தகத்தைக் குறைத்தோம், வளையத்தை வெந்நீரில் ஊறவைத்தோம், அடுப்பில் மணிக்கணக்கில் காயவைத்தோம். தினமும் ஒரு ரப்பர் துண்டை அவரிடம் நீட்டினேன். தினமும் முகத்தைச் சுளித்தார். ஆறாவது வாரம் நெடுநேரம் முகர்ந்துவிட்டு, துண்டை மேசை மேலேயே வைத்தார். “இது இங்கயே இருக்கட்டும் லா. நேத்து வரைக்கும் கொண்டாந்தது பூசோக், நாத்தம் தாங்காம கஸ்டமர் ஓடிருப்பான்.”

அரை மணி நேரம்

இந்த முறை கலம் செய்பவர்களின் இன்ஜினியரே வந்துவிட்டார். ஆள் உயர இரும்புப் பெட்டியின் கதவுக்கு எங்கள் வளையத்தைப் போட்டு, உச்சி வெயிலில் முற்றத்தில் நிறுத்தினோம். சூடேறினால் ரப்பர் தன் குணத்தைக் காட்டிவிடும். உள்ளே தான் உட்காரப் போவதாகச் சொன்னவர், கூட ஒருவர் வர வேண்டும் என்றார். செய்தவன் நான், நானே போனேன்.

அரை மணி நேரக் கணக்கு வைத்துக் கதவை மூடினார்கள். பத்து நிமிடத்தில் இருவருக்கும் வியர்வை ஆறாக ஓடியது. ரப்பரை நான் நம்பினேன். ஆனால் அவர் மூக்கைச் சுருக்கினார். கொஞ்ச நேரத்தில் கைக்குட்டையை எடுத்துப் பொத்திக்கொண்டார். வெளியே நிற்கும் பத்துப் பேரின் வேலையும் போச்சு என்று நினைத்துக்கொண்டேன். கதவு திறந்ததும் இன்ஜினியர் மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு தவுக்கேயிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “ரப்பரில் வாசனையே இல்லை, ஆர்டர் உங்களுக்குத்தான். ஆனால் தலையில் இவ்வளவு தேங்காய் எண்ணெய் தடவிய ஆளை மட்டும் என்னால் நிலாவுக்கு அனுப்ப முடியாது.”

ரப்பரின் வாசனையைப் போக்க எங்களுக்கு ஆறு வாரம் ஆனது. மனிதனின் வாசனைக்கு அவர்கள் இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை போலும், கலம் கிளம்பியதாக இதுவரை எனக்குத் தகவல் இல்லை.